விசாரிக்கிறோம் சார்

காலையில் அப்பாவும் மகளும் ஒன்றாகத்தான் வீட்டைவிட்டு இறங்குவார்கள். ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள். ஓட்டலுக்கு முந்தைய நிறுத்தத்தில் அப்பா இறங்கிக்கொள்வார். மகள் ஓட்டல் வாசலில் இறங்கி, பின்பக்க ஊழியர் கதவு வழியாகப் போய், யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு விருந்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வருவார்.

"குட் மார்னிங் சார்" என்பாள் அவள்.

"ம். குட் மார்னிங்" என்பார் அவர், எங்கோ பார்த்துக்கொண்டு.

இந்த ஏற்பாட்டைச் சொன்னது அப்பாதான். "கேப்டன் பொண்ணுன்னு தெரிஞ்சா, நீ நல்லா செஞ்சாலும் அப்பன் சொல்லிக்குடுத்தான்பாங்க, தப்பு செஞ்சா அப்பன் காப்பாத்துறான்பாங்க. ரெண்டுமே உனக்கு வேண்டாம்" என்றார். அவள் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டுச் சரி என்றாள். உள்ளுக்குள் பெரிய நிம்மதி. கல்லூரியில் சேர்ந்த புதிதில் எல்லாரும் எழுந்து நின்று தங்களைப் பற்றிச் சொன்னபோது, "எங்கப்பா ஓட்டல் நிர்வாகத்துல இருக்கார்" என்று சொல்லிவைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் அப்பாவுக்குச் சொந்தமாகவே தங்கும் விடுதி இருந்தது. அதைக் கேட்ட மறுநிமிடம் இவள் நாக்கு அப்படிப் புரண்டுவிட்டது. புரண்ட நாக்கை நிமிர்த்திக்கொள்ள அதற்கப்புறம் சந்தர்ப்பமே வரவில்லை. அவளும் தேடவில்லை.

அப்பா நிர்வாகத்தில் இல்லை. விருந்து மண்டபத்தின் கேப்டன். எந்த மேசைக்கு யார் போவது, தட்டு எப்போது போக வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று ஒரு ஓரமாக நின்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். பரிமாறுகிற பையன்கள் அவர் புருவத்தைப் பார்த்து ஓடுவார்கள். ஓட்டலில் அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதே பல பேருக்கு மறந்துபோயிருந்தது. வீட்டிலும் அதே கதைதான். துணி தைக்கிற மெஷினில் இருந்து தலையைத் தூக்காமலே அம்மா கேட்பாள்: "கேப்டன் வந்துட்டாரா? கப்பலை எங்கே நிறுத்திட்டு வந்தாரு?"

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். சின்ன வயதில் ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் வைத்தது. வளர்ந்து, பட்டப்படிப்பின் கடைசி வருடம் வந்து, கொண்டையை இறுக்கி முடிந்து, குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

அவளை அந்த ஓட்டலுக்குக் கொண்டுவந்தது பல்கலைக்கழகம் போட்ட ஒப்பந்தம். அதற்குப் பின்னால் ஒரு மேடம் இருந்தார். விருந்தோம்பல் துறையின் விரிவுரையாளர். ஒல்லியான உடம்பு, ஓயாத கால். அவருடைய மாணவர்கள் முன்பெல்லாம் கட்டுக்கட்டாகப் படித்துவிட்டு, நேர்முகத் தேர்வில் மண்ணைக் கவ்விவிட்டு வருவார்கள். தங்கப் பதக்கம் வாங்கிய ஒருவனிடம், ஒரு மேசையை எப்படித் துடைப்பாய் என்று கேட்டார்களாம். அவன் மேசைகளின் வகைகளைச் சொன்னானாம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று மேடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு ஒரு ஓட்டல் விடாமல் ஏறி இறங்கினார். காத்திருக்கச் சொன்ன இடத்தில் காத்திருந்தார். கடைசியில் இந்த ஓட்டல் ஒத்துக்கொண்டது. கடைசி வருடத்தில் பாதியை மாணவர்கள் ஓட்டலிலேயே கழிப்பார்கள்; பாடத்திட்டத்தை இரண்டு தரப்பும் உட்கார்ந்து எழுதும்; மதிப்பெண்ணில் பாதி ஓட்டல் கையில். படித்து முடிக்கும்போதே பிள்ளைகள் வேலைக்குத் தயாராக இருப்பார்கள். இதுதான் மேடத்தின் கனவு. அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

ஓட்டலுக்கு அனுப்பும் முன்னால் வகுப்பில் ஒத்திகை நடந்தது. ஒருவர் கோபக்கார விருந்தாளி, ஒருவர் ஊழியர். மேடம் மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டு சொல்வார்: "விருந்தாளி கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது நியாயம் பேசாதீங்க. மறுத்தும் பேசாதீங்க. முதல்ல மன்னிப்பு. அப்புறம், 'விசாரிக்கிறோம் சார்'. அந்த ஒரு வார்த்தையில பாதி நெருப்பு அணைஞ்சிடும்." இந்த ஒத்திகையில் வாலுவை யாரும் மிஞ்ச முடியாது. எவ்வளவு கத்தினாலும் அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. "இவ முகத்துக்கு இஸ்திரி போட்டுட்டு வர்றாளா?" என்று தோழிகள் கேட்பார்கள்.

வரவேற்பு மேசையில் நிற்கத்தான் அவள் ஆசைப்பட்டாள். அப்பாவுக்கும் அதுதான் ஆசை. "என்னை மாதிரி தட்டு தூக்க வேண்டாம். நீ கம்ப்யூட்டர் முன்னாடி நிக்கணும். வர்றவன் உன்கிட்டதான் சாவி கேட்கணும்" என்பார். ஆனால் ஆள் எங்கே குறைவோ அங்கேதான் பயிற்சி மாணவர்களைப் போடுவார்கள். விருந்து மண்டபத்தில்தான் எப்போதும் ஆள் குறைவு.

அங்கே அவள் தன் அப்பாவை முதல்முறையாகப் பார்த்தாள் என்றே சொல்ல வேண்டும். வீட்டில் லுங்கியும் பனியனுமாகத் தரையில் கால் நீட்டித் தூங்கும் மனிதர், இங்கே கறுப்புக் கோட்டில் ஒரு கோடுபோல நின்றார். யாரையும் அதட்டவில்லை. ஒருநாள் ஒரு பையன் கண்ணாடி டம்ளர்களைச் சரித்துவிட்டபோது, அவரே குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்துக் கொடுத்தால்தான் குடிப்பார். அன்று சாயங்காலம் இதை அம்மாவிடம் சொல்லி, "நம்ம வீட்டுல இருக்கறது வேற ஆளோ?" என்று சிரித்தாள் வாலு.

அம்மா சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்தினாள். அப்பா குளிக்கப் போயிருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உங்கப்பா வலது கையைக் கவனிச்சியா?" என்றாள் அம்மா.

"ஏன்?"

"நடுங்குது. முதல்ல விரல் மட்டும். இப்போ மணிக்கட்டு வரைக்கும். டாக்டர்கிட்ட போனோம். நரம்பு சமாச்சாரம், போகப் போகக் கூடத்தான் செய்யும், மாத்திரையில கொஞ்சம் அடக்கி வைக்கலாம்னு சொன்னாரு."

"எப்போ போனீங்க? எனக்கு ஏன் சொல்லலை?"

"பரீட்சை நேரம், சொல்லாதேன்னாரு. சளி பிடிச்சாலே ஊரைக் கூட்டற மனுசன், இதை மட்டும் மூடி மூடி வெச்சிருக்காரு." அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஓட்டல்ல தெரிஞ்சா வெளியே அனுப்பிடுவாங்களாம். உன் படிப்பு முடியட்டும், அப்புறம் நானே சொல்லிக்கறேங்கறாரு. அங்கே எனக்குக் கண்ணு கிடையாது. நீதான் பார்த்துக்கணும்."

அடுத்த நாளிலிருந்து வாலு பார்த்தாள். பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் தெரிந்தது. அவர் எப்போதும் வலது கையை இடது கையால் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பது மிடுக்கு இல்லை. மாதக்கணக்காக அவர் எதையுமே தூக்குவதில்லை. பேனா பிடிக்க வேண்டி வந்தால், "கண்ணாடி கொண்டுவரலை, நீ எழுதுப்பா" என்று யாரிடமாவது நீட்டிவிடுகிறார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருக்கும்.

ஒப்பந்தம் நன்றாக நடந்தது. முதல் முறை வந்த மாணவர்களில் பலருக்கு அங்கங்கே வேலை கிடைத்திருந்தது. அதைப் புதுப்பிக்க நாள் குறித்தார்கள். மதிய விருந்து. பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் வருகிறார். வேறு பல ஓட்டல்களின் முதலாளிகளும் வருகிறார்கள். மேடைக்குப் பின்னால் 'வேலைக்குத் தயார்' என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பயிற்சி மாணவர்கள்தான் பரிமாறுவது என்று ஏற்பாடு. மேடம் காலையிலேயே வந்து, நாற்காலிகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மகளுக்குக் கல்யாணம் வைத்த தாய் மாதிரி அவருக்கு முகமெல்லாம் ஒரே பரபரப்பு.

விருந்து தொடங்கும் முன்னால் மண்டப மேனேஜர் எல்லாரையும் சமையலறைக் கதவருகே கூட்டி, மேசைகளைப் பங்கிட்டார். "துணைவேந்தர் உட்கார்ற தலை மேசைக்கு மட்டும் பிள்ளைங்க வேண்டாம். கேப்டன், நீங்களே பரிமாறிடுங்க. நம்ம மூத்த ஆள் போனாத்தான் மரியாதையா இருக்கும்."

கேப்டன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "நான் ஓரமா நின்னு மொத்தத்தையும் பார்த்துக்கறேனே சார்" என்றார்.

"மொத்தத்தை நான் பார்த்துக்கறேன். உங்களுக்குக் கௌரவம் குடுத்தா வேண்டாங்கறீங்களே!" மேனேஜர் தோளில் தட்டினார். நல்ல மனதோடுதான் தட்டினார்.

வாலு முன்னால் வந்தாள். "சார், தலை மேசையை நான் பண்றேனே."

மேனேஜர் சிரித்தார். "ஆசை இருக்க வேண்டியதுதான். உன் நேரம் வரும்மா. இன்னைக்கு நீ அதே மேசைக்குத் தண்ணி ஊத்து, போதும்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை மிக லேசாக அசைத்தார். விடு என்று அர்த்தம். காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. சுற்றி ஆட்கள் நின்றார்கள். அப்பாவை அப்பா என்று கூப்பிடாமல் அதை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

சூப் முதலில் போனது. துணைவேந்தருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டலின் முதலாளி உட்கார்ந்திருந்தார். வெளிர் நிறக் கோட்டு. கேப்டன் முதல் கிண்ணத்தை வைத்தார், சரியாகவே வைத்தார். இரண்டாவதையும் வைத்தார். வாலு தண்ணீர்க் குவளையோடு எதிர்ப்பக்கம் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கிண்ணம் அந்த முதலாளிக்கு. கிண்ணம் தட்டின் மேல் கடகடவென்று பேசத் தொடங்கியது. கேப்டன் இடது கையையும் கொடுத்து அணைத்துப் பிடிக்கப் பார்த்தார். அதற்குள் கவிழ்ந்துவிட்டது. கோட்டின் கை, மடி, மேசை விரிப்பு, எல்லாவற்றிலும் சூடான சூப்.

முதலாளி துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கேப்டன் கைக்குட்டையை எடுத்து நீட்ட, கைக்குட்டையும் சேர்ந்து நடுங்கியது.

வாலு எப்படி அந்தப் பக்கம் போனாள் என்று அவளுக்கே பிற்பாடு நினைவில்லை. ஈரத்துணி வந்தது, உலர்ந்த துணி வந்தது, நாற்காலி நிமிர்ந்தது. அவள் குரல் தாழ்ந்தும் தெளிவாகவும் ஒலித்தது. "ரொம்ப ரொம்ப மன்னிக்கணும் சார். சுட்டுடுச்சா சார்? குளிர்ந்த துணி வெச்சிருக்கேன். கோட்டைக் குடுங்க சார், நீங்க சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள துவைச்சு இஸ்திரி போட்டு வந்துடும்." பிறகு கேப்டன் பக்கம் திரும்பினாள். "நீங்க உள்ளே போங்க. நான் பார்த்துக்கறேன்."

"யாரு இந்த ஆளு?" என்றார் அந்த முதலாளி, நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி. "கை இப்படி உதறுது! பட்டப்பகல்ல குடிச்சிட்டு வந்திருக்காரா?"

அப்பா இன்னும் போகவில்லை. இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஜென்மத்தில் குடியைத் தொட்டறியாத மனிதர். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் வற்புறுத்தினால் எழுந்து பந்தியைப் பார்க்கப் போய்விடுவார். அது வாலுவுக்குத் தெரியும். தெரிந்த விஷயம் தொண்டை வரை வந்தது. அதற்கு மேலே வந்தது வேறொன்று. பல தடவை சொல்லிப் பழகிய நாக்கு, அவளைக் கேட்காமலே அதைச் சொல்லிவிட்டது.

"விசாரிக்கிறோம் சார்."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

கேப்டன் திரும்பி நடந்தார். சமையலறைக் கதவு அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று தடவை ஆடி நின்றது.

மேனேஜர் ஓடிவந்தபோது நெருப்பு அணைந்திருந்தது. அந்த முதலாளி உட்கார்ந்து, "இந்தப் பொண்ணுக்காகத்தான் சும்மா விடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொடர்ந்து சாப்பாடு நடந்தது. மற்ற பதார்த்தங்களை அந்த மேசைக்கு வாலுவே பரிமாறினாள். கை கொஞ்சம்கூட ஆடவில்லை.

கடைசியில் துணைவேந்தர் பேச எழுந்தார். எழுதிவைத்திருந்த உரையைத் தள்ளிவைத்துவிட்டு, "நான் என்ன பேசறது? நம்ம ஒப்பந்தம் என்ன சாதிச்சுதுன்னு இப்போ உங்க கண் முன்னாடியே பார்த்தீங்க" என்றார். "அனுபவசாலி தடுமாறின இடத்துல நம்ம மாணவி நிமிர்ந்து நின்னா. வேலைக்குத் தயார்னா இதுதான். இங்கே வாம்மா."

கைதட்டல். அவளை மேடைக்கு அழைத்துப்போய் நடுவில் நிறுத்தினார்கள். மேடத்தின் கண்ணில் தண்ணீர். படம் எடுக்கிறவர், "சிரிங்க" என்றார். வாலு சிரித்தாள். சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாக யாரோ பார்ப்பது தெரிந்தது. அந்த முகம் அவள் பக்கம் தலையசைத்தது. அப்பா கை தட்டிக்கொண்டிருந்தார்.

அன்று அவர் பஸ்ஸில் வரவில்லை. அவள் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. பொழுது சாய்ந்து அவர் வந்தபோது சட்டையெல்லாம் தூசி. நடந்தே வந்திருந்தார்.

"ஏம்மா, நம்ம வாலு இன்னைக்கு என்ன பண்ணினா தெரியுமா?" என்றார் வாசலிலேயே. "துணைவேந்தர் கூப்பிட்டு மேடையேத்திட்டாரு. அத்தனை பேர் கைதட்டினாங்க."

"அப்பா..." என்றாள் அவள்.

"பசிக்குது, சாப்பாடு போடு" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்விட்டார்.

அவள் சொன்ன வார்த்தையை ஓட்டல் காப்பாற்றியது. விசாரித்தார்கள். விருந்து முடிந்த கையோடு, ஊழியர் கதவுக்குப் பக்கத்திலுள்ள காவலாளி அறையில் கேப்டனை உட்காரவைத்து, ஒரு கருவியில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அப்படியானால் கை ஏன் நடுங்கியது என்று கேட்டிருக்கிறார்கள். வியாதி என்றால் மருத்துவப் பரிசோதனை, அலுவலகம், மேலிடம் என்று போகும். வீட்டில் யார் இருக்கிறார்கள், மகள் என்ன செய்கிறாள் என்ற கேள்வியெல்லாம் எழும். அவர் எதுவும் சொல்லவில்லை. "வயசாயிடுச்சு, நானே நின்னுக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எத்தனையோ வருடம் போட்டிருந்த கறுப்புக் கோட்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் காலை, "நீ போ, எனக்கு இன்னைக்கு லீவு" என்றார். அவள் தனியாக பஸ் ஏறினாள்.

ஊழியர் கேன்டீனில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. பாத்திரம் கழுவுகிற ஒருவர் உண்டு. எல்லாரும் நுரை அண்ணன் என்று கூப்பிடுவார்கள். முழங்கை வரை எப்போதும் சோப்பு நுரை. அவர் தட்டோடு வந்து உட்கார்ந்து, எதிரில் இருந்தவனிடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "கடைசியில நம்ம கேப்டனும் தண்ணி கேஸா? நம்பவே முடியலைப்பா. ஊதச் சொன்னாங்களாம், மனுசன் வேலையை விட்டுட்டே ஓடிட்டாராம். மடியில கனம் இல்லாட்டி வழியில எதுக்குப் பயம்?"

சில பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் சிரிக்கிற சிரிப்புதான்.

வாலு எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் உரசிய சத்தத்தில் பேச்சு நின்றது.

"அவரு குடிக்கமாட்டாரு. அவருக்கு நரம்பு வியாதி. கை நடுங்குது. ரொம்ப நாளா நடுங்குது, உங்க யாருக்கும் தெரியாம மறைச்சாரு." குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது, தாழவும் இல்லை, தெளிவாகவும் இல்லை. "அவரு என் அப்பா."

நுரை அண்ணன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஏம்மா," என்றார் கடைசியில், "இதை நேத்து அங்கே சொல்லியிருக்கலாமே?"

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சாயங்காலம் பல்கலைக்கழகத்துக்குப் போய் மேடத்தைப் பார்த்தாள். மேடத்தின் மேசைமேல் நேற்றைய படம் பெரிதாகப் பிரதி எடுக்கப்பட்டிருந்தது. புது மாணவர்களுக்கான கையேட்டின் அட்டையில் போடப் போகிறார்களாம். "வா வா, உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தோம்" என்று எழுந்தவர், அவள் சொல்லச் சொல்ல மெதுவாக உட்கார்ந்தார்.

எல்லாம் கேட்ட பிறகு மேசைமேல் இருந்த படத்தைக் கவிழ்த்து வைத்தார். "அந்த வார்த்தையை நான்தானே உன் வாயில போட்டேன்" என்றார்.

"இல்லை மேடம். நீங்க விருந்தாளிக்கு என்ன சொல்றதுன்னுதான் சொல்லிக்குடுத்தீங்க. அப்பா பக்கத்துல நின்னது எனக்குத்தான் தெரியும்."

மேடம் மறுநாளே ஓட்டலுக்குப் போனார். மேனேஜரைப் பார்த்தார், அவருக்கு மேலே இருந்தவரைப் பார்த்தார். அவர்களும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. முன்பே சொல்லியிருந்தால் சரக்கறையிலோ அலுவலகத்திலோ உட்காருகிற வேலை கொடுத்திருப்போமே என்று மேனேஜர் நிஜமாகவே வருத்தப்பட்டார். வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டு, அம்மாவைத் தேநீர் போடச் சொல்லி, ஓட்டலில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தார். வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"ஏன் கேப்டன்? யாரும் உங்களைத் தப்பா நினைக்கலையே இப்போ."

"அது தெரியும் சார். ஆனா அந்த அறையில உட்கார்ந்து ஊதினேன் பாருங்க, வாசல் காவலாளி என் முகத்தைப் பார்க்காம தலையைக் குனிஞ்சுக்கிட்டான். தினமும் என்னைப் பார்த்து சலாம் வைக்கிறவன். இனிமே அவன் கதவு வழியா நான் எப்படிப் போறது? அவனுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

மேனேஜர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

படிப்பு முடிந்தது. அந்த வருடப் பயிற்சி மாணவர்களில் முதல் ஆளாக வாலுவுக்கு வேலை வந்தது, அதே ஓட்டலில், அதே மண்டபத்தில். வேண்டாம் என்றாள். வேறு எங்காவது பார்க்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்பா முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"எதுக்கு வேண்டாங்கறே? நான் பட்ட அவமானத்துக்கா? நான் வாயை மூடிக்கிட்டு வெளியே வந்ததே நீ தலை நிமிர்ந்து உள்ளே போகத்தான். நீயும் வேண்டாம்னுட்டா நான் எதுக்கு வந்தேன்?"

"அங்கே நின்னா அந்த இடம்தான்பா கண்ணுக்குத் தெரியும்."

"தெரியட்டும். கொஞ்ச நாள்ல மேசைதான் தெரியும்" என்றார்.

அவள் போனாள். வீட்டுக்கு அந்தச் சம்பளம் தேவையாகவும் இருந்தது. அவர் சொன்னது நடக்கவில்லை. மேசை விரிப்பை எத்தனை முறை மாற்றினாலும் அவளுக்கு அந்த இடம் தெரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. மேனேஜருக்கு அவள்மேல் நல்ல எண்ணம். மேடம் இப்போது ஒத்திகை வகுப்புகளில் கூடுதலாக ஒன்று சொல்லிக்கொடுக்கிறாராம்: கூட வேலை செய்கிறவரை விருந்தாளி பழித்தால் என்ன பேசுவது என்று. அதை எப்படிச் சொல்லித்தருவதென்று தெரியாமல் தானே நடுவில் நிறுத்திவிடுவதாகவும் அவளிடம் ஒருமுறை சொன்னார்.

நடுக்கம் டாக்டர் சொன்னபடியே கூடியது. அப்பா வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். அம்மா தைத்த துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டித் தள்ளிய துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பார். "கேப்டனுக்கு இப்போ துணிக்கப்பல்" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு மெஷினை வேகமாக மிதிப்பாள்.

வாலுவுக்கு வார விடுமுறை வரும் நாளில் அவருக்கு நகம் வெட்டிவிடுவது அவள் வேலை. அவரால் வெட்டிக்கொள்ள முடியாது. அம்மாவுக்குத் தையல் வேலையே ஓய்வதில்லை. ஒரு காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் வலது கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தாள். பிடித்த விரல் மட்டும் நிற்கும். மற்றவை ஆடிக்கொண்டே இருக்கும். அம்மா வீட்டில் இல்லை. இத்தனை காலம் கேட்காததை அன்று கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. "விழுந்துச்சு."

"அப்புறம் ஏன்பா கை தட்டினீங்க?"

"என் பொண்ணு மேடையில நிக்கறா, தட்டாம என்ன பண்றது?"

"என்மேல கோவமே வரலையா?"

"கோவம்னா கத்தித் தீர்த்திருப்பேன்." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். யாரோ மிதிவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். "வலிச்சுது. இன்னமும் சில சமயம் நினைச்சா வலிக்குது. இல்லைன்னு சொல்லி உன்னைத் தேத்தலாம். ஆனா நீ கேட்டுட்டே, உன்கிட்ட எதுக்குப் பொய்?"

அவள் கை நின்றது. எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டவள். தண்ணீர் வரத் தாமதமானதற்கு, ஏசி குளிர் கூடியதற்கு, சாப்பாடு ஆறிப்போனதற்கு. அந்த வார்த்தைகள் எல்லாம் தேய்ந்துபோயிருந்தன. இவருக்குக் கொடுக்க ஒன்றுகூட மிச்சமில்லை. "அப்பா" என்று மட்டும் சொல்ல வந்தது. சொல்லிவிட்டு, அவர் கைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

அவர் தடுக்கவில்லை. மறு கையால் அவள் தலையைத் தொடப் பார்த்தார். அதுவும் இப்போது நடுங்கத் தொடங்கியிருந்தது. உச்சியில் பட்டும் படாமலும் ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சுண்டுவிரல் பாக்கி இருக்கு" என்றார் அவர்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.